பாக்கெட் குறடு: ‘பொன்மலை வீடு’ குழுவில் ஒரு நாள்

பிரபு: மாமா, ஒரு மல்டி டூல் வாங்கலாம் என்று இருக்கிறேன். குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்குமே, அது. பைக்கில் போகும்போது பாக்கெட்டில் கிடக்கட்டும். இதைப் பாருங்கள், ‘24 இன் 1’, வெறும் 799 ரூபாய்.

பிரபு: [படம்]

சுமதி அத்தை: 🌺 இனிய காலை வணக்கம். வாழ்க வளமுடன் 🌺

செல்வம் மாமா: அந்த 24-ஐ எண்ணிப் பார்த்தாயா மாப்பிள்ளை? பக்கத்தில் சின்னப் பையில் ஒரு வரிசை ஸ்க்ரூ டிரைவர் முனை (பிட்) இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் கணக்கு. கைப்பிடியில் கோடு கீறி ஸ்கேல் என்று ஒன்று. சோடா பாட்டில் திறக்க ஒன்று, டின் திறக்க ஒன்று. மிச்சம் என்ன என்று சொல்.

பிரபு: குறடு, கத்தி, ஸ்டார், ஃபிளாட், அரம், ரம்பம்.

செல்வம் மாமா: ரம்பத்தை வைத்து எந்த மரத்தை அறுக்கப் போகிறாய்? குறட்டை முதலில் பார். மடக்குக் கத்தி எங்கேயும் கிடைக்கும். குறடும் சேர்ந்து பாக்கெட்டில் வருகிறது என்பதற்குத்தான் இந்தக் காசு.

அரவிந்த்: 4.2 ஸ்டார் போட்டிருக்கிறார்கள் மாமா 😀

செல்வம் மாமா: அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றைக்கே போட்ட ஸ்டார். ஆறு மாதம் கழித்து யார் வந்து போடுகிறார்கள்?

பிரபு: சரி, எதைப் பார்த்து வாங்குவது?

செல்வம் மாமா: ஒர்க்‌ஷாப்பில் புதுப் பையன்களுக்குச் சொன்னதையே சொல்கிறேன். கடைக்குப் போய்க் கையில் எடு. குறட்டின் வாயை மூடி டியூப் லைட்டுக்கு நேரே பிடி. நுனி ஒட்டியிருக்க வேண்டும். நுனி பிரிந்து அடிப்பக்கம் மட்டும் ஒட்டினால் முள்ளைக்கூடப் பிடுங்க முடியாது. அப்புறம் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார். இரண்டு தாடையும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு. கம்பி வெட்டும் இடத்தில் ஒரு தாளைக் கொடுத்து அழுத்து. சுத்தமாக அறுபட வேண்டும், மடிந்து நசுங்கினால் வயரும் அப்படித்தான் நசுங்கும்.

செல்வம் மாமா: இன்னொன்று. பலமாக இறுக்கிப் பிடித்துப் பார். மலிவுச் சாமானில் கைப்பிடி வெறும் மடித்த தகடு. ஓரம் உள்ளங்கையில் வெட்டும். ஆணி அசைவதற்குள் நீ கையை விட்டுவிடுவாய்.

சுமதி அத்தை: இவர் ஒரு மணி நேரமாகக் காபியைத் தொடவே இல்லை 🙄

மீனா அக்கா: மாமா, நான் அடுத்த மாதம் வருகிறேனே. லெதர்மேன் கம்பெனி மல்டி டூல் வாங்கி வரட்டுமா? எங்கள் ஊரில்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் போர்ட்லாந்து.

அரவிந்த்: லெதர்மேன் என்றால் சும்மாவா! அவர்களுடைய வேவ் ப்ளஸ் மாடல் எல்லாம் இங்கே பத்தாயிரத்துக்கு மேல்.

மீனா அக்கா: ஆமாம், இந்தியாவில் அந்த விலைதான். அந்த டிம் லெதர்மேன் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினாராம். கார் அடிக்கடி மக்கர். கையில் மடக்குக் கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊருக்கு வந்து செய்து பார்த்துச் செய்து பார்த்து, 1983-இல்தான் முதல் கருவி விற்பனைக்கு வந்தது.

செல்வம் மாமா: அப்போ அவரும் நம்ம பிரபு கேஸ்தான். கார் வாங்கும்போதே நாலு தட்டு தட்டிப் பார்த்திருக்கலாம்.

பிரபு: அக்கா, வேவ் ப்ளஸ் வேண்டாம், கட்டுப்படியாகாது. சின்னதாக ஏதாவது?

மீனா அக்கா: அதே கம்பெனியின் விங்மேன் பார். வேவ் ப்ளஸ்ஸைவிட நன்றாகவே விலை குறைவு. 198 கிராம், மடக்கினால் 10 சென்டிமீட்டருக்குள். கத்திரியும் உண்டு. எங்கள் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது, அதுவும் லாபம். 25 வருட வாரண்டி.

அரவிந்த்: வேவ் ப்ளஸ்ஸில் கம்பி வெட்டும் பல்லைக் கழற்றி மாற்றலாம். விங்மேனில் அது கிடையாது.

செல்வம் மாமா: அவன் தினமும் கம்பியா வெட்டப் போகிறான்? மீனா, அந்த விங்மேனில் குறட்டுக்கு ஸ்பிரிங் இருக்கிறதா?

மீனா அக்கா: இருக்கிறது மாமா. தானே திறந்துகொள்ளும்.

செல்வம் மாமா: அது நல்லது. ஒரு கையில் கேபிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை பார்க்கலாம். கத்திக்கு லாக்? லாக் இல்லாவிட்டால் அழுத்தும்போது விரலில் வந்து மடங்கும்.

மீனா அக்கா: அதுவும் உண்டு.

அரவிந்த்: அக்கா வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் நெக்ஸ்டூல், ராக்சன், கான்சோ இருக்கின்றன. சீனத் தயாரிப்பு, ஆனால் பெயர் தெரியாத 799 ரகம் இல்லை. ஆபீஸில் ஒருவரிடம் நெக்ஸ்டூல் பார்த்தேன், வாய் துளிகூட ஆடவில்லை.

செல்வம் மாமா: அதையும் குறை சொல்ல மாட்டேன். திருப்பி அனுப்ப வசதியுள்ள இடத்தில் வாங்கி, வந்த அன்றே டியூப் லைட்டில் காட்டு. ஆனால் பிரபு, எதை வாங்கினாலும் இரண்டு விஷயம். கைப்பிடி முழுக்க இரும்பு, ரப்பர் உறை கிடையாது. கரண்ட் வேலைக்கு அதை எடுத்தாய் என்றால் நானே பிடுங்கி வைத்துக்கொள்வேன். அதற்கு வீட்டில் டபாரியா கட்டிங் பிளேயர் இருக்கிறது. இரண்டாவது, பைக் போல்ட்டை இதை வைத்துத் திருகாதே. மூலை மழுங்கிப் போனால் மெக்கானிக்கே திட்டுவார். 10, 12, 14 ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

பிரபு: அப்படியென்றால் இது எதற்குத்தான் மாமா?

செல்வம் மாமா: அறுந்த கிளட்ச் கேபிளின் நுனியைப் பிடித்து இழுக்க. தளர்ந்த கண்ணாடியை முடுக்க. செயினில் சுற்றிய துணியை அறுத்து எடுக்க. டயரில் ஆணி ஏறினால் பிடுங்கத் தோன்றும், பிடுங்காதே. உன்னுடையது டியூப்லெஸ், அப்படியே மெதுவாகப் பஞ்சர் கடைவரை ஓட்டு.

பிரபு: சரி, விங்மேனே இருக்கட்டும் அக்கா. பணத்தை இப்போதே அனுப்புகிறேன்.

மீனா அக்கா: நேரில் கொடு போதும். செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீ ஃப்ளைட்டில் போகும்போதும் இதை மறக்காதே.

அரவிந்த்: உறை தனியாக வாங்க வேண்டுமா?

மீனா அக்கா: வேண்டாம், பாக்கெட்டில் மாட்ட அதிலேயே கிளிப் இருக்கிறது.

செல்வம் மாமா: மழையில் நனைந்தால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடு. ஸ்டெயின்லெஸ் என்று நம்பி ஈரத்தோடு மடக்கி வைக்காதே.

பிரபு: 👍