எலுமிச்சைத் தோல் என்சைம்: மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது, கொட்டிவிடலாமா?

மொட்டைமாடி: வீட்டைச் சுத்தம் செய்யும் என்சைம் திரவத்துக்காக, ஜூஸ் போட்டு மிஞ்சிய எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, சரி, அது வரும் என்றார்கள். ஆனால் இப்போது மேலே ஆடை மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்து, கள்ளு வாடை அடிக்கிறது. கெட்டுவிட்டதா? எங்களுக்குப் போர் தண்ணீர், குழாயெல்லாம் உப்புக்கறை. சமையல் மேடை கடப்பா கல். இரண்டுக்கும் இதையே பயன்படுத்தலாமா?

குப்பைமேனி: கொட்டாதீர்கள். அது ஈஸ்ட். வெல்லத்தைத் தின்று முதலில் சாராயமாக்கும், அப்புறம் பாக்டீரியா அதைக் காடியாக்கும், கள்ளு வாடை போய்ப் புளிப்பு வாடை வரும்போதுதான் தயார். கறுப்பாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரி பூத்தால் மட்டும் கதை வேறு, மொத்தத்தையும் உரக்குழியில் ஊற்றிவிடுங்கள். அளவு சரிதானே? வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர், மூன்று மாதம். கண்ணாடி பாட்டில் என்றால் உடனே பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள், கேஸ் சேர்ந்தால் வெடித்துவிடும். மேலே கொஞ்சம் இடம் விட்டு, முதல் மாதம் முழுக்கத் தினம் ஒருதரம் மூடியைத் தளர்த்த வேண்டும்.

கல்தச்சன்: கடப்பா மேடையில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள்! கடப்பா என்பது சுண்ணாம்புக் கல், எந்தப் புளிப்பு பட்டாலும் அரித்து, மினுமினுப்பு போய் வெளிறிவிடும். எலுமிச்சம்பழத்தை நறுக்கி அப்படியே வைத்தாலே வட்டமாகத் தடம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மார்பிள், மொசைக் தரைக்கும் இதே கதிதான், மொசைக்கில் இருப்பதே மார்பிள் சில்லுகள். மேடைக்குப் பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்த தண்ணீர் போதும், நன்றாக நுரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் போகும். குழாய்க்கு என்சைம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். போர் தண்ணீர்க் கறையும் பெரும்பாலும் சுண்ணாம்புதான், கல்லைக் கெடுக்கும் அதே புளிப்பு இங்கே உதவும். பிழிந்த எலுமிச்சை மூடியைக் குழாயில் கவிழ்த்துத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவித் துணியால் துடைத்துவிடுங்கள்.

சந்தேகப்பிராணி: எல்லோரும் இதை அமிர்தம் மாதிரி பேசுகிறீர்கள். கறையும் வாடையும் போகும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது கிருமிநாசினி அல்ல. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிவறைக்கு பிளீச்சிங் பவுடர்தான். அதையும் இதையும் மறந்தும் ஒன்றாக ஊற்றக் கூடாது, புளிப்புப் பட்டால் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அப்புறம் வினிகரோடு சமையல் சோடா கலந்து பொங்கவைக்கும் வீடியோக்கள்... பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்து மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்லவை.

மொட்டைமாடி: நல்லவேளை, மேடையில் இன்னும் ஊற்றவில்லை. பாட்டில் பிளாஸ்டிக்தான். பித்தளை விளக்குக்கு இது ஆகுமா?

குப்பைமேனி: அதற்கு எதற்கு மூன்று மாதம்? ரசத்துக்குக் கரைத்த பிறகு மிஞ்சும் புளிச் சக்கையைத் தூக்கிப் போடாமல் ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்துத் தேய்யுங்கள், கறுப்பு உடனே விடும். கழுவியதும் ஈரத்தோடு வைக்காதீர்கள், திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். துடைத்துவிட்டுக் கடைசியாகக் கொஞ்சம் விபூதி தொட்டு உலர்ந்த துணியால் தேய்த்தால் பளபளவென்று வரும்.