மறு: டெக்ஸ்ட் மைனிங் – உரைச் சுரங்கமா, உரையகழ்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏராளமான கட்டுரைகளைக் கணினியால் அலசிப் புதிய தகவல் கண்டெடுக்கும் வேலைதான் டெக்ஸ்ட் மைனிங். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று இழை நீண்டுகொண்டே போகிறது, நானும் என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்.

'உரைச் சுரங்கம்' எனக்கு ஒட்டவே இல்லை. சுரங்கம் என்பது இடத்தின் பெயர், நாம் தேடுவது வேலையின் பெயர். 'நேற்று ஐயாயிரம் கட்டுரைகளைச் சுரங்கம் செய்தேன்' என்று எழுதிப் பாருங்கள், சகிக்காது. போதாக்குறைக்கு, சென்னைக்காரனுக்குச் சுரங்கம் என்றாலே மழைத் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதைதான்.

அகழ்வு என்றால் அகழ், அகழ்ந்தேன், அகழ்ந்த என்று வினையாக ஓடும். ஈழத்தில் மணல் அகழ்வு, இரத்தினக்கல் அகழ்வு என்று இன்றும் புழங்கும் சொல், நாம் புதிதாகத் தைக்கவேண்டியதில்லை. 'தமிழ்நாட்டில் கீழடிதானே நினைவுக்கு வரும், குழப்பமாகாதா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஐயா, அந்தக் குழப்பம்தான் நமக்கு லாபம்!

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் மூடும் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் தங்கம்தான். மிச்சமெல்லாம் கழிவு, ஊரைச் சுற்றி சயனைடு மேடாக இன்னும் கிடக்கிறது. உரையில் அப்படியா? கணினி ஆய்வாளர் மார்ட்டி ஹியர்ஸ்ட் 1999-இலேயே இதைக் கிளப்பினார்: உதவாத பாறையிலிருந்து பொன்னைப் பிரிப்பது என்ற உவமை இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று.

தகவலியல் ஆய்வாளர் டான் ஸ்வான்சன் 1986-இல் செய்தது என்ன? குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரெய்னாடு நோய் பற்றிய கட்டுரைகள் ஒரு பக்கம், அந்த நோயாளிகளின் இரத்தம் பிசுபிசுப்பு கூடியது என்றன. மீன் எண்ணெய் பற்றிய கட்டுரைகள் இன்னொரு பக்கம், அது பிசுபிசுப்பைக் குறைக்கும் என்றன. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று படிக்கவில்லை. மீன் எண்ணெய் உதவலாம் என்ற முடிவு எந்தக் கட்டுரைக்குள்ளும் புதைந்து கிடக்கவில்லை, சேர்த்துப் படித்ததில் பிறந்தது.

இது தங்கவயலை விடக் கீழடிக்குத்தான் நெருக்கம். அங்கே 'ஆதன்' என்று கீறிய ஓட்டுச் சில்லு கிடைத்தால், எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று குறித்த பிறகுதான் அது பேச ஆரம்பிக்கும். தனிச் சில்லு வெறும் சில்லுதான்.

அப்புறம் அந்த இலக்கணத் தடை. மணல் அகழ்வில் மணலை எடுக்கிறோம், உரையகழ்வில் உரையையா எடுக்கிறோம் என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் கீழடி அகழாய்வு என்றால் கீழடியை அள்ளிக்கொண்டு போவதா? கீழடியில் செய்வது. அதுபோல உரையில் அகழ்வது, ஏழாம் வேற்றுமைத் தொகை என்று வைத்துக்கொண்டால் முடிந்தது.

பட்டறைத் தெரு மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பவர்களை நினைத்து 'உரையரிப்பு' என்று நானே ஒரு நாள் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் படித்துவிட்டு, 'இதற்குக் களிம்பு இருக்கிறதா?' என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

ஆகவே என் வாக்கு உரையகழ்வுக்கு, டேட்டா மைனிங்குக்குத் தரவகழ்வு. 'உரை' என்றால் சொற்பொழிவு, விளக்கவுரை என்றும் பொருள் வருமே, 'பனுவல்' போடலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் இழுபறி. இலக்கணம் தெரிந்தவர்கள் பனுவலகழ்வை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.