மேற்குப் பார்த்த கந்தோர், உயரமான மேசை, இரவு வாட்ஸ்அப்: 60,000 ரூபாயில் எதை முதலில் திருத்துவது?

மாடிக்கந்தோர் எழுதியது:

வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் மேல்மாடியில இருக்கிற ஒரு சின்னக் கணக்கு, காப்புறுதிக் கந்தோர். 9 பேர் வேலை செய்யினம், அதில 5 பேர் பெண்கள். மேசை எல்லாம் பழைய தேக்கு, 30 அங்குல உயரம், நடுவில ஒரு லாச்சி (இழுப்பறை). சுழல் கதிரை 4, மிச்சம் பிளாஸ்டிக் கதிரை. லப்டொப் 6, மேசைக் கொம்பியூட்டர் 3. யன்னல் மேற்குப் பக்கம்; ஒரு மணிக்குப் பிறகு வெயில் நேரே திரையில விழும். மேல தகரக் கூரை, அதுக்குக் கீழ சீலிங். ஏசி இல்லை, ரெண்டு சீலிங் ஃபேனும் ஒரு நிக்கிற ஃபேனும் இருக்கு.

கழுத்து நோ, தோள்மூட்டு இறுக்கம், கண் எரிவு, பின்னேரத் தலையிடி எண்டு ஆக்கள் அடிக்கடி லீவு போடினம். மாத முடிவில இரவு 9, 10 மணிக்கும் குழுவில மெசேஜ் வந்துகொண்டு இருக்கும். முதலாளி 60,000 ரூபாய் தர ஓமெண்டிட்டார். ரெண்டு நல்ல எர்கோனமிக் கதிரை வாங்குவம் எண்டது அவற்ற யோசனை. அது சரிவருமா, இல்லாட்டி வேற எதிலயாவது கை வைக்கவேணுமா?

தச்சுப்பட்டறை எழுதியது:

கதிரை வாங்க வேண்டாம். உங்கட பிரச்சினை மேசையில இருக்கு, குறிப்பா அந்த லாச்சியில இருக்கு.

முதல்ல அளவு எடுங்கோ. ஆள் கதிரையில நிமிர்ந்து இருக்கவேணும், பாதம் ரெண்டும் நிலத்தில, மேல்கை உடம்போட ஒட்டித் தொங்க, முழங்கை மடிஞ்சு முன்கை நிலத்துக்குச் சமாந்தரமா. நிலத்திலயிருந்து முழங்கையின்ர அடிப்பக்கம் வரைக்கும் நாடா பிடியுங்கோ. ஐந்தடி இரண்டங்குல ஆளுக்கு ஏறக்குறைய 62 முதல் 64 செ.மீ. வரும். உங்கட மேசை 76. பன்னிரண்டு செ.மீ. வித்தியாசத்தைத் தோளைத் தூக்கித்தான் அவர் சமாளிக்கிறார், அதுவும் நாள் முழுக்க. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில இருக்கிற தசை ஓய்வே இல்லாமல் இறுகிக்கொண்டு இருக்கும். நோவும் தலையிடியும் அங்கயிருந்துதான் தொடங்குது.

கதிரையை 12 செ.மீ. உயர்த்தினால் என்ன எண்டு கேட்பியள். லாச்சி விடாது. பலகை 2 செ.மீ., லாச்சி 12 செ.மீ. எண்டு வைச்சால் கீழ் இடைவெளி 62 செ.மீ. அந்த 12ஐயும் ஏத்தி இருக்கை 54இல் நிண்டால் தொடையின்ர மேல்பக்கம் 68க்கு வந்திடும், கால் உள்ள போகாது. எவ்வளவு விலை குடுத்துக் கதிரை வாங்கினாலும் இதே கதைதான்.

நடு லாச்சியைக் கழற்றிப் பக்கத்தில ஒரு சின்ன றாக்கையில வையுங்கோ. பிறகு மேசைக் கால்களில 6 செ.மீ. வெட்டி 70க்குக் கொண்டு வாங்கோ. தேக்குக் காலை வெட்ட முதல் குறுக்குச் சட்டம் எங்க நிக்குது எண்டு பாருங்கோ. கடைசி மூட்டுக்கு மிக அருகில வெட்டினால் பொருத்து தளரும். நாலு காலையும் ஒரே நேரத்தில குறிச்சு வெட்டுங்கோ. ஒவ்வொண்டா வெட்டிச் சரிபார்த்தால் ஆடுற மேசைதான் மிஞ்சும். வெட்டின அடிப்பக்கத்துக்கு எண்ணெய் அல்லது பெயின்ற் பூசாட்டி ஈரம் உறிஞ்சும், வாடைக் காலத்தில வெடிக்கும்.

70 செ.மீ. எண்டால் ஐந்தடி எட்டங்குல ஆக்களுக்கு அப்பிடியே சரி. குட்டையான ஆக்களுக்குப் பிளாஸ்டிக் கதிரைக்கு (இருக்கை 43 செ.மீ. அளவில இருக்கும்) நல்ல இறுக்கமான தும்பு மெத்தை போட்டு 47க்கு உயர்த்தி, கால் வைக்க 6, 7 செ.மீ. உயரத்தில 35க்கு 45 செ.மீ. பலகை ஒண்டைச் சாய்வா அடிச்சுக் குடுங்கோ. பஞ்சு மெத்தை ரெண்டு நாளில அமுங்கிப் போயிடும், வேண்டாம். 5 செ.மீ.க்கு மேல மெத்தை போட்டால் கதிரை சரியும், கைப்பிடியும் உதவாது.

காசு போகவேண்டிய இடம் லப்டொப்புக்குத் தனிக் கீபோர்டும் மவுசும். 6 சோடி வாங்குங்கோ. லப்டொப்பை உயர்த்த ஏ4 தாள் கட்டு காணும். 500 தாள் கட்டு ஒண்டு ஏறக்குறைய 5 செ.மீ. தடிப்பு, மூண்டு கட்டு அடுக்கினால் 15 செ.மீ. திரையின்ர மேல்விளிம்பு கண் மட்டத்தில அல்லது கொஞ்சம் கீழ வரவேணும். லப்டொப்பின்ர அடியில காற்றுத் துவாரம் இருக்கிற பக்கம் மூடுப்படாமல் பாருங்கோ. நீட்டின கைக்குத் திரை எட்டினால் தூரம் சரி.

காற்றும்வெளிச்சமும் எழுதியது:

மேசையைப் பற்றித் தச்சுப்பட்டறை அண்ணை சொல்வது முழுக்கச் சரி. ஆனால் வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது அந்த மேல்மாடியில் எந்த மேசையிலும் இருக்க முடியாது. அந்தப் பகுதியையும் சேர்த்தே செய்யுங்கள்.

மேற்கு யன்னலுக்கு உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடி தாண்டி உள்ளே வந்துவிடும், சூடும் உள்ளேயே நிற்கும். வெளியே கட்டுங்கள். மூங்கில் தட்டி அல்லது பின்னிய கிடுகு, கண்ணாடியில் இருந்து 15 செ.மீ. தள்ளித் தொங்கட்டும், இடையில் காற்றோடும். உட்துறைமுகப் பக்கம் கச்சான் தென்மேற்கில் இருந்து வேகமாக அடிக்கும், ஆகவே மேல் இரண்டு மூலையில் மட்டும் கட்டினால் தட்டி ஒரு கிழமை தாங்காது. நான்கு மூலையும் கட்டி, நடுவிலும் நைலோன் கயிறு இழுத்து விடுங்கள்.

காலை 7.30க்கு யன்னல் எல்லாவற்றையும் திறந்து இரவுச் சூட்டை வெளியேற்றுங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சுடத் தொடங்கியதும், கச்சான் நாட்களில் பெரும்பாலும் 11 மணியளவில், மேற்கு யன்னலை மூடி, கிழக்குப் பக்கம் திறப்பு இருந்தால் அதை மட்டும் திறந்து வையுங்கள். 35 பாகைக்கு மேல் போன காற்றை ஃபேன் வீசினால் உடம்புக்கு ஆறுதல் குறைவு.

சீலிங் ஃபேன் முழு வேகத்திலும் மந்தமாகச் சுற்றுகிறதென்றால் மோட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கண்டென்சர்தான் நொந்திருக்கும். பல ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபரட் அளவு பொருத்தியிருக்கும். மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்னியலாளரைக் கொண்டு பழையதில் எழுதியிருக்கும் அதே அளவைப் போடுங்கள். இறக்கையின் மேல்பக்கத் தூசியையும் துடையுங்கள்; வேகமும் காற்றும் அதிலேயே மாறும்.

தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் அடைபட்ட காற்று நன்றாகச் சுடும். கூரையின் இரு முகப்பிலும் எலி, புறா நுழையாத வலையோடு காற்றுத் துளை விடுங்கள். காசு மிஞ்சினால் தகரத்துக்குக் கீழே அலுமினியப் படலத் தாளை மினுங்கும் பக்கம் கீழே பார்க்க, ஆகக் குறைந்தது 25 மி.மீ. இடைவெளியோடு இழுங்கள். சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் துளைக்கவோ, வெட்டவோ, உலர்வாகச் சுரண்டவோ கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

மேசையையும் திருப்புங்கள். யன்னல் திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இருக்கக்கூடாது; இடது அல்லது வலது கைப்பக்கம் வரவேண்டும். நிற்கும் ஃபேனை எல்லார் முகத்துக்கும் நேரே விடுங்கள், கச்சான் நேரத்தில் அதுதான் உயிர்.

சுகநலத் தாதி எழுதியது:

கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை. முகத்துக்கு நேரே ஃபேன் விட்டால் கண் எரிவு கூடும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, அந்தக் கண்ணில் காற்றும் அடித்தால் கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடும். ஃபேனை நெஞ்சுக்கோ முதுகுக்கோ திருப்பி, சுழலவிடுங்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீற்றருக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். உங்களுக்கு யன்னலுக்கு வெளியே உட்துறைமுகமே இருக்கிறது, நிற்கும் கப்பலைப் பார்த்தால் போதும். திரை வெளிச்சம், பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாளின் வெளிச்சத்தோடு ஒத்திருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், சின்ன எழுத்து முகத்தை முன்னுக்கு இழுக்கும், பிறகு கழுத்தும் சேர்ந்து போகும்.

இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்கு மேலே சொன்ன திரை உயரம் பொருந்தாது. அவர்கள் கீழ்ப் பகுதியால் பார்க்கவேண்டி நாடியைத் தூக்குவார்கள். அவர்களின் திரையை இன்னும் 5 செ.மீ. அளவு இறக்குங்கள், முடிந்தால் 60 செ.மீ. தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எடுக்கச் சொல்லுங்கள்.

இனி, கேள்வியில் இல்லாத ஒன்று. பின்னேரத் தலையிடிக்குத் தண்ணீர் குடிக்காதது பெரிய காரணம். 5 பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை என்றால், போய் மலசலகூடத்தைப் பாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, லைட் எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைக் கூடை உள்ளேயே இருக்கிறதா. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் காலையில் இருந்து ஒரு மிடறு தண்ணீரோடு நாளை ஓட்டுவார்கள். அடக்கி வைப்பதால் சிறுநீர்த் தொற்றும் வரலாம். 60,000 ரூபாயில் முதல் ரூபாய் அங்கே போகட்டும். தாழ்ப்பாளுக்கும் கூடைக்கும் பெரிய செலவில்லை, அதைவிட மரியாதையான திருத்தம் வேறெதுவும் இல்லை. இதைப் பெண்களிடம் ஒரு பெண் தனியாகக் கேட்கவேண்டும். கூட்டத்தில் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மாடிக்கந்தோர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, தாழ்ப்பாள் உடைஞ்சுதான் கிடக்கு. நாளைக்கே செய்விக்கிறன். ரெண்டு விஷயம் மிச்சம். ஒண்டு, இரவு மெசேஜ். மற்றது, சுழல் கதிரை ரெண்டு இருக்க இருக்கத் தானா இறங்குது, எறியத்தான் வேணுமா?

கிண்ணியா_கணக்கு எழுதியது:

மெசேஜ் விஷயத்தை முதலில் நேரக் கணக்காகப் பாருங்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மேலதிக வேலை கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். போயா தினத்தில் வேலை வாங்கினாலும் ஒன்றரை நாள் சம்பளம். 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் ஊழியரின் உரிமை; தயவாகக் கொடுப்பது போல் கொடுக்கக்கூடாது. இரவு 9 மணிக்குப் பதில் கேட்டால் அதையும் வேலை நேரமாகக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் குறித்த தாளை முதலாளி முன் வைத்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

ஒழுங்கு இப்படி: அவசரம் என்றால் கோல், மற்றதெல்லாம் காலை 8.30க்கு. இரவில் நினைவு வந்தால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாமல் வைத்திருங்கள், அல்லது ஜிமெயிலில் காலைக்கு நேரம் குறித்து அனுப்புங்கள். இந்த ஒழுங்கை முதலில் உடைப்பது எப்போதும் மேலாளர்தான். அவர் ஒரு இரவு ஒரு கேள்வி கேட்டால் அடுத்த நாள் 9 பேரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

ஆனால் மாத முடிவு வேலை குறையாமல் மெசேஜை மட்டும் நிறுத்தினால் அது தாங்காது. வங்கிக் கணக்கு ஒப்பிடுவதை மாதக் கடைசியில் குவிக்காமல் வெள்ளிதோறும் செய்யுங்கள். பற்றுச்சீட்டு வாங்குவதற்கு 25ஆம் திகதி எல்லை வையுங்கள். பிந்தியது அடுத்த மாதம். கவுண்டருக்கு ஆள் வந்தால் ஒன்பது பேரும் தலை நிமிர்த்தவேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறை போடுங்கள். கூட்டல் வேலை நடுவில் குழம்பினால் முதலில் இருந்து பார்க்கவேண்டும், பிழையும் அப்போதுதான் விழும். சரிபார்க்கும் வேலையைக் காலையில் வையுங்கள், சோற்றுக்குப் பிறகு 2 முதல் 3 மணி வரை கோல் எடுப்பது, கோவை அடுக்குவது. சாப்பாட்டுப் பார்சலை மேசையில் பிரிக்க விடாதீர்கள்.

மூதூர், குச்சவெளிப் பக்கம் மோட்டார்சைக்கிளில் போகிற காப்புறுதிப் பிள்ளைகளை 11 மணிக்குள் திரும்புமாறு அனுப்புங்கள், கையில் ஒரு லீற்றர் தண்ணீரோடு.

நித்திரை கெட்டு, காரணமில்லாமல் அழுது, வேலைக்கு வரவே பயப்படும் ஆள் யாராவது இருந்தால் அதை மேசை உயரத்தோடு சேர்க்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை எழுதியது:

கிண்ணியா நானா சொன்ன கவுண்டர் முறையை உடன தொடங்குங்கோ, அதுக்குச் சதம் செலவில்லை.

இறங்குற கதிரையை எறிய வேண்டாம். சிலிண்டர் உள்ள காஸ் கசியுது, அவ்வளவுதான். சிலிண்டரைத் திறக்கவோ சூடாக்கவோ கூடாது, உள்ள அழுத்தம் இருக்கு. கதிரையை முழுக்க உயர்த்தி, வெளிக் குழாயை மூடியிருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கீழ தள்ளினால் மினுங்குற தண்டு தெரியும், ஏறக்குறைய 28 மி.மீ. தடிப்பு. அதைக் கவ்வக்கூடிய பிவிசி குழாய்த் துண்டு ஒண்டை எடுத்து நீளவாட்டில ஒரு பக்கம் கீறுங்கோ. ஆள் இருந்து முழங்கை மேசை மட்டத்துக்கு வாற உயரத்தில வெளிய தெரியிற தண்டின்ர நீளத்தை அளந்து அதே நீளத்துக்கு வெட்டி, விரிச்சுத் தண்டில மாட்டுங்கோ. ரெண்டு இடத்தில ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கோ. கதிரை அந்த உயரத்திலயே நிக்கும். பிறகு இறக்க ஏலாது, ஆகவே ஆள் பார்த்து அளவெடுங்கோ. அடியில இருக்கிற ஐந்து கால் நட்சத்திரத்தில வெடிப்பு இருந்தால் மட்டும் எறியுங்கோ. கடற்காற்றில இரும்பு நட்சத்திரம் ஒட்டின இடத்தில துருப்பிடிச்சு உடையும், கவிழ்த்து வைச்சுப் பார்த்தால் தெரியும்.