உதவி: 12 வோல்ட் பந்தல் விளக்கு, கணக்கு ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறு காட்டுகிறது

ஜெலுத்தோங் தம்பி:
தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். வேன் பேட்டரியிலிருந்து பந்தல்வரை 20 மீட்டர் தூரம். கூட்டத்தில் வண்டியை அதற்குமேல் நெருக்க முடியாது. 1.5 சதுர மி.மீ. இரட்டை வயர். எல்இடி பட்டை 5 மீட்டர், மீட்டருக்கு 14.4 வாட். மொத்தம் 72 வாட், அதாவது 6 ஆம்பியர்.

என் கணக்கு, செம்பின் தடை எண் 0.0175 × நீளம் ÷ வயர் பருமன்: 0.0175 × 20 ÷ 1.5 = 0.233 ஓம் தடை. 6 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் இழப்பு. வீட்டு வாசலில் கட்டிப் பார்த்தால் பேட்டரியில் 12.4, பட்டையில் 10.6. வெளிச்சம் மங்கல். பட்டையைக் கழற்றிவிட்டு அளந்தால் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட்! கடைக்காரர் மட்டமான வயரைத் தலையில் கட்டிவிட்டாரா, அண்ணே?

பிறை வயர்மேன்:
கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஒன்று. மின்சாரம் போனால் மட்டும் போதுமா, திரும்பி வரவேண்டாமா? நீளம் 40 மீட்டர் தம்பி. தடை 0.467 ஓம். 6 ஆம்பியருக்கு 2.8 வோல்ட் இழக்கவேண்டும், உங்களுக்கு 1.8தான் போயிருக்கிறது. அப்படியென்றால் 6 ஆம்பியர் ஓடவில்லை. 72 வாட் என்பது பட்டைக்கு முழு 12 வோல்ட் கிடைத்தால்தான். வோல்ட் குறையக் குறைய அது இழுக்கும் ஆம்பியரும் சரியும். கழற்றி அளந்தால் மின்னோட்டமே இல்லை, இழப்பு எங்கிருந்து வரும்?

ஆம்பியரை அளந்து சொல்லுங்கள். வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும், ஆனால் பேட்டரி தரும் டிசியைப் படிப்பதாக இருக்கட்டும். மலிவு மீட்டர் பலவும் ஏசி மட்டும்தான் படிக்கும், சுழியம் காட்டி ஏமாற்றும்.

ஜெலுத்தோங் தம்பி:
மாமாவிடம் இரவல் வாங்கி அளந்தேன். 3.8.

பிறை வயர்மேன்:
0.467 × 3.8 = 1.77. மீட்டர் காட்டிய 1.8க்குச் சரியாக வருகிறது. வயர் நல்ல செம்புதான். செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் இதே ஆம்பியருக்கு 2.5க்கு மேல் போயிருக்கும்.

4 சதுர மி.மீ. வயர் போட்டால் தடை 0.175 ஓம். முழு 6 ஆம்பியர் ஓடினாலும் 1.05 வோல்ட்தான் இழப்பு, பட்டைக்கு 11.3 கிடைக்கும். வெளிச்சம் வந்துவிடும்.

பாயான் பாரு அக்கா:
இன்னும் பட்டை வாங்கவேண்டி இருந்தால் 24 வோல்ட் வாங்குங்கள் தம்பி. அதே 72 வாட்டுக்கு 3 ஆம்பியர்தான். இருக்கிற 1.5 வயரிலேயே 1.4 வோல்ட் போகும், 24இல் அது 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் ஒரே மாதிரி பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்க்கவேண்டும். எதுவானாலும் வேன் பேட்டரியை நம்பாதீர்கள். 6 ஆம்பியர் 8 மணி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி; விடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தனி பேட்டரி என்றால் பந்தலிலேயே வைத்துவிடலாமே, வயர் பிரச்சினையே இல்லை.

ஜெலுத்தோங் தம்பி:
பட்டை வாங்கியாச்சு அக்கா. பந்தலுக்குள் பிள்ளைகள் ஓடுவார்கள், தண்ணீர் சிந்தும், பேட்டரியை வேனிலேயே வைக்கச் சொல்கிறார்கள். தனி பேட்டரிக்கு ஏற்பாடு செய்கிறோம். 1.5 வயர் இன்னொரு சுருள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

பிறை வயர்மேன்:
போடலாம். இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். 3 சதுர மி.மீ. கணக்கு, முழுச் சுமையில் 1.4 வோல்ட் இழப்பு. 4 அளவுக்கு வராது, பந்தலுக்குப் போதும். முனைகளை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள், கனெக்டர் போட்டு இறுக்குங்கள். பிளஸ் வயரில் 10 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியை ஒட்டியே. பந்தல் பக்கம் வைத்தால் நடுவில் யாராவது வயரை மிதித்து ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

ஜெலுத்தோங் தம்பி:
சரி அண்ணே, ஃப்யூஸ் வாங்கக் கிளம்பிவிட்டேன். பந்தலுக்கு வாருங்கள், மோர் உண்டு.