அண்டி ஆபீஸ்ல கிலோ கூலிக்கு கிராஜுவிட்டி உண்டா?

கருங்கல் மருமகன்:
எங்க மாமி மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்ட ஆலைல, தோல் உரிக்கிற வேல பாக்காவ, 9 வருசம் 8 மாசம் ஆச்சு. முட்டு வலி தாங்கல, நிப்பாட்டப் போறேன்னு சொல்லுதாவ. கிராஜுவிட்டி, அதான் வேலைய விடும்போது குடுக்க பணிக்கொடை, எவ்வளவு வரும்னு மேனேஜர்ட்ட கேட்டதுக்கு உனக்கு கிலோ கணக்குக்குத்தான கூலி, மாசச் சம்பளமா வாங்குத, அதனால கிடையாது, போதாக்குறைக்கு இப்பம் புது சட்டம் வந்தாச்சு பழசு ஒண்ணும் செல்லாதுன்னு அனுப்பிட்டாராம். வாட்ஸாப்ல என்னடான்னா ஒரு வருசம் வேல பாத்தாலே எல்லாருக்கும் உண்டுன்னு சுத்துது. எதை நம்ப? பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும் பிடிக்காவ.

தக்கலைக்காரன்:
புது சட்டப்படி வேலைய விட்ட ரெண்டு நாள்ல எல்லா பைசாவும் செட்டில் பண்ணணும் தம்பி. தைரியமா கேளுங்க.

குழித்துறை குமாஸ்தா:
அண்ணே, அந்த ரெண்டு வேலை நாள் கணக்கு சம்பள பாக்கிக்கு மட்டுந்தான், கிராஜுவிட்டிக்கு 30 நாள் டைம் உண்டு, அதுக்கு மேல இழுத்தா வட்டியோட குடுக்கணும்.

தம்பி, மேனேஜர் சொன்னது ரெண்டுமே தப்பு. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்தது உண்மதான், 29 பழைய சட்டத்த அதுக்குள்ள அடக்கிட்டாங்க, 1972 கிராஜுவிட்டி சட்டமும் அதுல ஒண்ணு. ஆனா கிராஜுவிட்டி எங்கயும் போகல, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புல அப்படியே உக்காந்திருக்கு. கிலோ கூலிக்காரங்களுக்குன்னு தனி கணக்கே எழுதி வச்சிருக்கு: வேலைய விடுறதுக்கு முந்தின மூணு மாசத்துல வாங்குன கூலிய வச்சு (ஓவர்டைம் சேராது) ஒரு நாள் சராசரி எடுப்பாங்க, அத 15ஆல பெருக்கி வருசத்தால பெருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருசம், அப்பம் மாமிக்கு 10 வருசம். சராசரி 400 ரூவான்னு வச்சுக்கோங்க, 60,000 வருது. அதனால வேல கம்மியா இருக்க மூணு மாசம் பாத்து ராஜினாமா குடுத்துராதீங்க, சராசரி அடிபட்டுரும்.

ஒரு வருசம்ங்கிறது ஃபிக்ஸட் டேர்ம்ல, அதாவது இன்ன தேதி வரைக்கும்னு எழுதி எடுத்த ஆளுங்களுக்கு மட்டும். நிரந்தர ஆளுக்கு இன்னும் அஞ்சு வருசந்தான். இந்த ஃபார்வேர்டு பாத்துட்டு ரெண்டு வருசத்துல வேலைய விட்டுட்டு வந்து நிக்கிற பிள்ளைகள பாத்தா பாவமா இருக்கு.

கருங்கல் மருமகன்:
ரொம்ப நன்றி அண்ணே. ஆனா ஒண்ணு, லோடு வரலன்னா ஆபீஸ் பத்து பதினஞ்சு நாள் பூட்டிக் கெடக்கும், அத வச்சு இது சீசன் தொழில்னு சொல்லிருவாங்களோ?

குழித்துறை குமாஸ்தா:
சொல்லுவாங்க, அதான் அவங்களுக்கு லாபம். சீசன் தொழில்னா, அதுவும் வருசம் பூரா வேல இல்லாத ஆளுன்னா, ஒரு சீசனுக்கு 7 நாள் கூலிதான், பாதிக்கும் கீழ போயிரும். நம்ம பக்கத்து ஆபீஸ் பலதும் வெளிநாட்டுக் கொட்டைய எறக்கி ஓட்டுறது, மாமரம் பூக்கிற கணக்கா இதுக்கு என்ன சீசன்? தொழிலாளி தப்பு இல்லாம வேல நின்ன நாள் சர்வீஸ முறிக்காது. அப்படியே தகராறு வந்தாலும் வருசத்துக்கு 240 நாள் வேல பாத்திருந்தா போதும். இஎஸ்ஐ, பிஎஃப் பதிவு இருக்கில்லா, அதான் பெரிய சாட்சி, உமங்ங்கிற அரசாங்க ஆப்ல பிஎஃப் பாஸ்புக் இறக்கி வச்சிருங்க, சேர்ந்த தேதி சரியான்னு பாருங்க. கிராஜுவிட்டி கேட்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்து சீல் வாங்குங்க, அவங்க வாங்க மாட்டேன்னா ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. "எல்லாம் பெற்றுக்கொண்டேன்"னு எதுலயும் கைநாட்டோ கையெழுத்தோ கூடாது. 30 நாள் கழிஞ்சும் அசையலன்னா நாகர்கோவில் லேபர் ஆபீஸ்ல மனு.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
இடையில கேக்கதுக்கு மன்னிக்கணும், நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரில இருக்கேன், 11 மாசம் எழுதி வாங்கி ரெண்டு நாள் நிறுத்தி திரும்பவும் எடுக்காங்க, மூணாவது தடவ இது. எனக்கு அந்த ஒரு வருசம் வருமா?

குழித்துறை குமாஸ்தா:
அந்த ரெண்டு நாள் எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்லா, ஒரு வருசம் முழுசா ஆகாம பாத்துக்கத்தான். அது வேணும்னே குடுத்த இடைவெளின்னு காட்டி வாதாடலாம், ஆனா தானா வராது, சண்ட போடணும். மூணு லெட்டரோட காப்பியும் பேங்க் ஸ்டேட்மென்டும் ரெடி பண்ணுங்க. லெட்டரே தரலன்னா மொதல்ல அத கேளுங்க, இப்பம் எல்லாருக்கும் பணி நியமன ஆணை குடுத்தே ஆகணும்.

தக்கலைக்காரன்:
சரிதான் குமாஸ்தா, ரெண்டு நாள் சம்பளத்துக்குன்னு இப்பம் புரிஞ்சுது. தம்பி, மாமி கூட அதே செக்ஷன்ல பழைய ஆளுவ இருந்தா அவங்களையும் சேத்து மனு போடுங்க, ஒத்த ஆள்னா வெரட்டி விட்டுருவானுவ.