யானை வரும் வழியில் மோட்டார் சைக்கிள் பயணம்: குறைந்த விலையில் குட்டைக்குழல் ரிவோல்வர் எது நல்லது?

வட்டைக்காரன் (வெல்லாவெளி, இலங்கை)

வணக்கம். நவகிரிக் குளத்துத் தண்ணீரில் நாலு ஏக்கர் சிறுபோக நெல் (கோடைப் போகம்) செய்திருக்கிறேன். கதிர் பழுத்துவிட்டது, இரவுக் காவல் கட்டாயம். வீட்டிலிருந்து வாடிக்கு (வயல் காவல் குடிசைக்கு) ஆறு கிலோமீற்றர், அதில் பாதி பற்றைக்காடு. போன கிழமை இரவு ஏழரை மணிக்கு, வளைவு திரும்பியதும் தனியன் யானை ஒன்று நடுப்பாதையில் நின்றது. மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். காலையில் போய்ப் பார்த்தால் சீற் கிழிந்து, டாங்கி நசுங்கிக் கிடந்தது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சொல்கிறார், இடுப்பில் வைக்கும் அளவு குட்டைக்குழல் ரிவோல்வர், 44 கலிபர் ரவை போடுவது, ஒன்று இருந்தால் பயமில்லை என்று. சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டோக், ரூகர் அலஸ்கன், ஸ்மித் அன்ட் வெசன் மொடல் 69 என்று மூன்று படங்களும் அனுப்பினார். என்னிடம் இருப்பது இரண்டு இலட்சம். சொட்கன் வேண்டாம், அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் சைக்கிள் ஓட்ட முடியாது.

இந்த மூன்றில் எது சரி? லைசன்ஸ் எங்கே எடுப்பது? இன்னொன்று, பக்கத்து ஊர் ஆள் ஒருவர் கடுதாசி இல்லாமல் பழையது ஒன்று எண்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கல்லடிப் பொடியன் (இப்போது டெக்சஸ்)

தம்பி, நான் இங்கே புல்டோக் வைத்திருக்கிறேன், அதனால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

மூன்றில் காசுக்கு ஏற்றது புல்டோக்தான். ஐந்து ரவை, இரண்டரை அங்குலக் குழல், எடை 600 கிராம் அளவு. 1973இல் முதலில் வந்தது. புதிதே நானூறு ஐந்நூறு டொலருக்குக் கிடைக்கும். அலஸ்கனுக்கும் அதே இரண்டரை அங்குலக் குழல்தான், ஆனால் ஒன்றேகால் கிலோ எடை, விலை ஆயிரம் டொலருக்கு மேல். மொடல் 69 இரண்டுக்கும் நடுவில்.

விலையை விட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு, கடைக்காரன் சொல்லமாட்டான். மற்ற இரண்டும் சுடும் 44 மக்னம் ரவையில் அடைத்திருக்கும் வெடிமருந்தின் முழுப் பலனும் கிடைக்க நீளமான குழல் வேண்டும். இரண்டரை அங்குலத்துக்குள் அது கிடைக்காது. மிச்சம் குழல் வாய்க்கு வெளியே எரிந்து பெரிய வெளிச்சமும் சத்தமும் ஆகிறது. ராத்திரியில் ஒரு வெடி வைத்தால் சில விநாடிக்கு உங்கள் கண்ணே இருட்டிவிடும். புல்டோக் போடும் 44 ஸ்பெஷல் 1907இல் வந்த பழைய ரவை. மருந்து குறைவு, ரவை பாரம், வேகம் மெல்லமானது. அதனால் குட்டைக்குழலில் அது இழப்பதும் குறைவு. மக்னம் அளவுக்குக் கை நோகாமல் இரண்டாவது வெடியும் வைக்கலாம். ஆகவே பட்ஜெட் ஆளுக்கு 44 ஸ்பெஷல் புல்டோக் போதும், மக்னத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது பாதிக்குப் பாதி வீண்.

இங்கே பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் வெறுமையா என்று பாருங்கள். பிறகு குதிரையை (பின்னால் இருக்கும் சுத்தியலை) மெதுவாக இழுத்து, முழுதாக ஏறியதும் ரவை போடும் உருளையைப் பிடித்து ஆட்டுங்கள். ‘கடகட’ என்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி 0.15 மில்லிமீற்றர் அளவு இருந்தால் நல்லது, 0.25ஐத் தாண்டினால் வேண்டாம். பாரம் குறைந்த சட்டகத்தில் பாரமான ரவை போட்டுச் சுட்டுச் சுட்டு ஆணிகள் தளர்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.

இவ்வளவும் மனுசனுக்குத்தான். யானைக்கு இல்லை. புல்டோக் ரவையின் சக்தி முந்நூறு அடி-இறாத்தல் (ரவையின் சக்தியை அளக்கும் அலகு) அளவில்தான் நிற்கும். ஆபிரிக்காவில் யானை வேட்டைக்குப் போகிறவர்கள் தூக்கும் 458 ரைபிளுக்கு ஐயாயிரம் அளவு. யானையின் மண்டை தேன்கூடு மாதிரிக் காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு, மூளை அதற்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஓடி வருகிற யானைக்கு முன்னால், கை நடுங்க, இரண்டரை அங்குலக் குழலால் அந்த இடத்தைத் தேடப்போகிறீர்களா? உங்கள் மச்சான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அவர் யானையைக் கோயிலில்தான் பார்த்திருப்பார் போல.

சம்மாந்துறைக் காக்கா

தம்பி, எண்பதாயிரம் சமாச்சாரத்தை முதலில் மறந்துவிடுங்கள். அந்த ஆளுடைய நம்பரையும் அழித்துவிடுங்கள். லைசன்ஸ் இல்லாத துவக்கோடு வீதிச் சோதனையில் பிடிபட்டால் வயலும் இல்லை, வழக்கும் முடியாது. அதோடு அது எங்கே என்ன செய்துவிட்டு உங்கள் கைக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

மச்சான் அங்கிருந்து பொதியில் போட்டு அனுப்பலாம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அங்கேயும் குற்றம், இங்கேயும் குற்றம்.

முறையாக எடுப்பதென்றால், எல்லாம் இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகிறது. ரிவோல்வர், பிஸ்டல் என்றால் பாதுகாப்பு அமைச்சுத்தான். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று காட்ட வேண்டும், பொலிஸ் அறிக்கை போகும். யானை வருகிறது என்று ரிவோல்வர் கேட்டு எழுதினால் கடிதத்தைப் படிப்பவர் சிரிப்பார். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கு என்று ஏற்கெனவே கொடுத்திருந்த துவக்குகளையே மீளாய்வு செய்ய வேண்டும் என்று திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். நிலைமை அப்படி.

விவசாயிக்குக் கிடைக்கக்கூடியது பயிர்ப் பாதுகாப்புக்கான 12 போர் சொட்கன். கிராம சேவையாளர், பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று ஏறி இறங்க வேண்டும். கிடைத்தாலும் டிசம்பர் 31ஓடு லைசன்ஸ் முடியும், ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேண்டும். அதுவும் பன்றிக்கும் குரங்குக்கும்தான். அதைக்கொண்டு யானைக்கு வெடி வைத்தால் உள்ளே போவது நீங்கள்தான், யானை இல்லை.

வட்டைக்காரன்

காக்கா, கல்லடி அண்ணன், இருவருக்கும் நன்றி. எண்பதாயிரம் ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். யானையைக் கொல்ல நான் கேட்கவில்லை. மேலே பார்த்து வெடி வைத்தால் சத்தத்துக்கு ஓடாதா? குட்டைக்குழலில் சத்தம் கூட என்று அண்ணனே சொல்கிறார். டெக்சஸிலும் சம்மாந்துறையிலும் இருந்து எழுதுவது சுகம், அந்த வளைவில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

உன்னிச்சைப் பெரியவர்

மகன், அந்த வளைவு மாதிரி நாலைந்து வளைவில் நான் நின்றிருக்கிறேன், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சத்தத்துக்கு ஓடும், முதல் நாள். இரண்டாம் நாள் நின்று பார்க்கும். பத்தாம் நாள் யானை வெடியைக் கொளுத்திப் போட்டாலும் தின்றுகொண்டே நிற்கும். நம் பக்கத்து ஆண் யானைகளில் அனேகம் கொம்பில்லாதவை, கொம்பில்லை என்றால் சாது என்று நினைக்க வேண்டாம். அவற்றின் உடம்பில் பழைய ரவையும் சன்னமும் எத்தனை கிடக்கிறது தெரியுமா? காலில் சீழ் பிடித்து நொண்டுகிற யானைதான் மனுசனைத் தேடி வரும். ஒருவன் பயத்தில் வைத்த வெடிக்கு வேறொருவன் செத்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கதையை இங்கே எழுத மனம் வரவில்லை.

யானை வெடி வனஜீவராசித் திணைக்களத்தால் கொடுப்பதுதான், வாங்கி வைத்துக்கொள். கையில் பிடித்துக் கொளுத்தாதே, விரல் போகும். கம்பு நுனியில் கட்டிக் கொளுத்து. அதுவும் கூட்டம் வயலுக்குள் இறங்கும் முன்னால், ஆள் நாலு பேர் இருக்கும்போது. பாதையில் தனியாக இருக்கும்போது கொளுத்தாதே.

பாதையில் நீ செய்ய வேண்டியது வேறு. அந்திப்பட்டால் போகாதே, ஐந்து மணிக்கு முன் வாடிக்குப் போய்ச் சேர். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு திரும்பு. வளைவுக்கு முன்னால் நிறுத்தி மூக்கையும் காதையும் பாவித்துப் பார். யானை நிற்கும் இடத்தில் பச்சைக் கிளை முறிந்த மணமும் சாண மணமும் வரும், கிளை முறிகிற சத்தம் கேட்கும். எதிரே கண்டால் ஹோன் அடிக்காதே, லைற்றை அடித்து அடித்து அணைக்காதே, என்ஜினை நிறுத்தாதே. சைக்கிளைத் திருப்பி வந்த வழியே போ. காதை விரித்து, தலையை உயர்த்தி, மண்ணைத் தட்டினால் பெரும்பாலும் வெருட்டுகிறது. தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது மெய்யாகவே வருகிறது. கால்நடையாக ஓடி அதை வெல்ல முடியாது, சைக்கிளில் முடியும். அன்று நீ சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியது தவறு. ஆனால் தப்பினாய், அதனால் திட்டவில்லை.

நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வட்டைக்கு (வயல்வெளிக்கு) மின்வேலி இல்லையா?

வட்டைக்காரன்

ஐயா, நான் கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலி இருக்கிறது. பெரும்போகத்தில் நன்றாக அடித்தது. கச்சான் காற்று (வறண்ட கோடைக் காற்று) தொடங்கியதிலிருந்து அடிப்பதில்லை, கையால் தொட்டாலும் எறும்பு கடித்த மாதிரித்தான். வேலிக்கு மின்சாரம் விடும் பெட்டியில் லைற் எரிகிறது, ‘டிக் டிக்’ என்று சத்தமும் வருகிறது. வட்டை விதானையிடம் (வயல்வெளிப் பொறுப்பாளரிடம்) சொன்னேன், பார்ப்போம் என்றார்.

கம்பிக்காரன் (அக்கரைப்பற்று)

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ரிவோல்வருக்கு இரண்டு இலட்சம் தேடுகிறவரின் வேலி இரண்டாயிரம் ரூபாய் வேலையில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பெட்டி வேலை செய்கிறது, மழைக்காலத்தில் அடித்தது, வெயிலில் அடிக்கவில்லை. எனக்குச் சந்தேகம் எர்த்தில். வேலிக்கம்பியில் போகும் மின்சாரம் யானையின் உடம்பு வழியே மண்ணுக்குள் இறங்கி, எர்த் கம்பிக்கு வந்து, பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும். மண் காய்ந்தால் திரும்பும் வழி அடைபடும். உங்கள் பெட்டிக்கு எத்தனை எர்த் கம்பி அடித்திருக்கிறார்கள்? ஒன்று என்றால் போதாது. கல்வனைஸ்ட் கம்பி குறைந்தது மூன்று, ஆறடி ஆழம், ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் அடித்தால் இன்னும் நல்லது. இப்போதைக்கு ஒரு வாளித் தண்ணீரை எர்த் கம்பியடியில் ஊற்றிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், வேலி டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். முதலில் பெட்டியிலிருந்து வேலியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் பாருங்கள். அங்கே நல்ல வோல்ட் இருந்தால் குறை வெளியே. பிறகு வேலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டு போங்கள், எந்தத் துண்டைச் சேர்த்ததும் விழுகிறதோ அங்கே புல் தொடுகிறது, அல்லது கம்பி சாய்ந்த கட்டையில் உரசுகிறது. வேலி முழுக்க 5,000 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள், யானை அதைக் கண்டுபிடித்துவிடும். எர்த்தைப் பார்க்க இன்னொரு வழி: பெட்டியிலிருந்து நூறு மீற்றர் தள்ளி வேலிக்கம்பியை இரும்புக் கம்பியால் மண்ணோடு சேர்த்துவிட்டு, பெட்டியடியில் எர்த் கம்பியில் டெஸ்டரை வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது.

பற்றரித் தண்ணீரும் பாருங்கள், சோலார்த் தட்டில் தூசியும். கச்சானில் தூசி மாவு மாதிரி படியும்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். வீட்டு லைனை நேரே கம்பிக்குக் கொடுக்க வேண்டாம். அதில் யானையும் சாகும், காலையில் மாடு தேடி வருகிற பிள்ளையும் சாகும். பெட்டி விடுவது விட்டு விட்டு வரும் அடி, நொடிக்கு ஒன்று. அடித்துத் தள்ளும், பிடித்து வைக்காது.

வட்டைக்காரன் (பதினாறு நாட்களுக்குப் பிறகு)

எர்த் கம்பி ஒன்றே ஒன்று, அதுவும் மேட்டு மணலில், துருப்பிடித்து விரல் அளவு மெலிந்துபோய். மூன்று புதிதாக வாய்க்கால் ஓரத்தில் அடித்தோம், நாலு பேர் சேர்ந்து. வடக்குப் பக்கம் ஒரு கட்டை விழுந்து கம்பி மண்ணில் கிடந்தது, அதையும் நிமிர்த்தினோம். டெஸ்டர் இப்போது 6,200 காட்டுகிறது. மொத்தச் செலவு பத்தாயிரத்துக்குள், தேத்தண்ணிச் செலவு தனி.

தனியன் இரண்டு தரம் வந்தது. வேலியடியில் நின்று தும்பிக்கையை நீட்டியது, ஒரு கத்துக் கத்திவிட்டுப் போனது. மூன்றாம் நாள் கட்டையை மட்டும் மிதித்துச் சாய்க்கப் பார்த்தது. கம்பிக்காரன் அண்ணன், கட்டைக்கும் கம்பி சுற்றலாமா? வாடிக்கு இப்போது நாலரைக்கே போய்விடுகிறேன். மச்சானிடம் சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

கம்பிக்காரன் (அக்கரைப்பற்று)

சுற்றுங்கள். ஆனால் கட்டையில் நேரே சுற்றினால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். வெளிப்பக்கம் இன்சுலேட்டர் (மின்சாரம் கடத்தாத தாங்கி) வைத்து, கட்டையிலிருந்து ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு துண்டுக் கம்பி விடுங்கள். யானை கட்டையில் கால் வைக்கும் முன்னால் அந்தக் கம்பி அதன் நெஞ்சில் படும். அறுவடை முடிந்ததும் பெட்டியையும் பற்றரியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், வாடியில் வைத்தால் அடுத்த போகத்துக்கு இருக்காது.