கண்ணாடிப் பொத்தான்களோடு பழகிய அனுபவங்கள்

உட்லண்ட்ஸ் வரைகலைஞர் எழுதியது:

இணையப் பக்கங்களில் சொடுக்குவதற்கான பளபளக்கும் கண்ணாடிப் பொத்தான்களை வரைந்தே பிழைப்பு நடத்திய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆப்பிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மேக் கணினித் திரைக்கான ‘அக்வா’ இடைமுகத்தை அறிமுகப்படுத்திய பிறகு, அதன் நீலப் பொத்தான்களைப் பார்த்த வாடிக்கையாளர்கள், நகைக்கடை வைத்திருந்தாலும் சரக்கு நிறுவனம் நடத்தினாலும், தங்கள் இணையத்தளத்துக்கும் அதே பளபளப்பு வேண்டுமென்று கேட்கத் தொடங்கினர். 2007இல் கண்ணாடி போன்ற சாளரங்களோடு விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது அந்த ஆசை இன்னும் கூடியது.

அந்நாளில் வரையப்பட்ட பொத்தான்களில் பெரும்பாலானவை கண்ணாடியாகத் தெரியவில்லை, பிளாஸ்டிக்காகத்தான் தெரிந்தன. மேல்பாதியில் ஒரு வெள்ளைப் பட்டையை வைத்துவிட்டால் பளபளப்பு வந்துவிடும் என்று எண்ணியதே அதற்குக் காரணம். நிறமுள்ள கோலிக்குண்டு ஒன்றை விளக்கின் கீழே வைத்துப் பாருங்கள். மேலே சிறிய வெள்ளை மினுக்கம் தெரியும். ஆனால் குண்டின் நிறம் மிகவும் பிரகாசமாக இருப்பது அடிப்பகுதியில்தான். மேலிருந்து உள்ளே புகும் ஒளி வளைந்து எதிர்ப்பக்கத்தில் குவிவதால் அப்படி நேர்கிறது. ஆகவே பொத்தானின் அடிப்படை கிரேடியன்ட், அதாவது படிப்படியாக மாறும் நிறம், மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள்.

ஃபோட்டோஷாப்பில் நான் பின்பற்றும் முறை இது. 40 பிக்சல் உயரமுள்ள பொத்தானுக்கு 20 பிக்சல் முனை வளைவு கொடுத்தால் மாத்திரை வடிவம் கிடைக்கும். அடிப்படை கிரேடியன்டுக்கு மேல், கீழ் விளிம்பை ஒட்டி ஒரு வெளிர்நிற நீள்வட்டத்தை மங்கலாக்கி, அடியிலுள்ள நிறத்தை வெளிறச் செய்யும் ‘ஸ்கிரீன்’ கலப்பு முறையில் வைப்பேன். குவிந்த ஒளி அதுதான். அதன்மேல், விளிம்பிலிருந்து 2 பிக்சல் உள்வாங்கிய ஒரு வெள்ளை வடிவத்தை மேல்பாதியில் மட்டும் வரைந்து, அதன் அடர்த்தி உச்சியில் 75 விழுக்காட்டில் தொடங்கிக் கீழே 10 விழுக்காட்டில் முடியுமாறு அமைப்பேன். விளிம்புக் கோட்டுக்குக் கறுப்பைத் தொடுவதில்லை. பொத்தானின் நிறத்தையே இன்னும் அடர்த்தியாக்கி ஒரு பிக்சல் தடிமனில் இடுவேன். நிழலுக்கும் அதே நிறம்தான், ஏனெனில் நிறக்கண்ணாடியைக் கடந்து வரும் ஒளி தரையில் நிறத்தோடுதான் விழுகிறது. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் ஒளியின் கோணம் இயல்பாகவே 120 பாகையில் இருக்கும். அதை 90 ஆக்காவிட்டால், மினுக்கம் நேர்மேலேயும் நிழல் வலப்பக்கமும் விழுந்து ஒன்றுக்கொன்று முரண்படும்.

சிங்கப்பூரில் இந்த வேலைக்குத் தனியான ஒரு சங்கடம் உண்டு. ஒரே பொத்தானை நான்கு மொழிகளில் கேட்பார்கள். ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்பது சீனத்தில் நான்கே எழுத்துகளில் அடங்கிவிடும். மலாயில் ‘ஹுபுங்கி காமி’ என்று நடுத்தர நீளத்தில் வரும். தமிழோ எல்லாவற்றையும்விட நீளமாகப் போகும். பொத்தானை இடமுனை, நடுப்பகுதி, வலமுனை என்று மூன்று துண்டுகளாக வெட்டி, நடுப்பகுதியை வேண்டிய அளவுக்கு நீட்டிக்கொள்வது அப்போதைய வழக்கம். கிரேடியன்டும் மேல் மினுக்கமும் செங்குத்தாக மட்டுமே மாறுவதால் நீட்டினாலும் கெடுவதில்லை. அடியிலுள்ள நீள்வட்ட ஒளி பக்கவாட்டிலும் மாறுவதால் அதை அவ்வாறு நீட்ட இயலாது. எனவே நான்கு அகலங்களுக்கும் அந்த ஒளியை மட்டும் தனித்தனியே வரைந்தேன். நான்குக்கும் ஒரே விலைதான் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

கோப்பைச் சேமிப்பதிலும் தொல்லை இருந்தது. ஜிஃப் என்ற படக் கோப்பில் ஒரு பிக்சல் முழுமையாகத் தெரியும் அல்லது முழுமையாக மறையும், இடைநிலை கிடையாது. அதனால் மென்நிழலின் ஓரம் பற்களைப் போல் நின்றது. பிஎன்ஜி என்ற மற்றொரு படக் கோப்பின் அரைகுறை ஒளிபுகுதன்மையை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவி சரியாகக் காட்டவில்லை. 2006இல் அதன் 7ஆம் பதிப்பு வந்த பிறகே நிம்மதி கிடைத்தது.

தெம்பனிஸ் ஆசிரியை எழுதியது:

ஐயா கூறிய அடியொளியை நானும் முயன்று பார்த்தேன். வேறுபாடு உடனே தெரிந்தது. நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள். மாணவர்கள் தம் வீட்டிலும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம் என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். செவ்வகத் தேர்வின் முனைகளை வளைத்து, கிரேடியன்ட் நிரப்பி, தேர்வைச் சில பிக்சல் சுருக்கிப் புதிய லேயரில் (படத்தின் மேலடுக்கில்) மினுக்கத்தை வரைவது எளிது. முன்பெல்லாம் படத்தை மென்மையாக மங்கச் செய்யும் காஸியன் மங்கலை ஒருமுறை இட்டுவிட்டால் அது படத்தோடு கலந்துவிடும். 2025இல் வந்த 3.0 பதிப்பில் அந்த விளைவைப் பின்னரும் திருத்திக்கொள்ள முடிவதால், வகுப்பில் கற்பிக்கும்போது மதிப்புகளைக் கூட்டியும் குறைத்தும் காட்ட வசதியாக இருக்கிறது.

என்னை உறுத்துவது எழுத்துதான். தமிழில் புள்ளிகளும் இகர, ஈகாரக் கொக்கிகளும் எழுத்தின் தலைப்பகுதியில் வருகின்றன. வெள்ளை மினுக்கம் மிகவும் அடர்ந்திருக்கும் இடமும் அதுவே. மாணவர் ஒருவர் வரைந்த பொத்தானில் ‘முகப்பு’ என்பதன் புள்ளி முழுதாகக் கரைந்துபோயிருந்தது. பொத்தானின் கீழ்ப்பாதியில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று அவர் வாதிட்டார். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் இணைய அணுகல்தன்மை நெறிமுறைகள் சாதாரண அளவிலான எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. கண்ணாடிப் பொத்தானில் அந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதால், வெள்ளை எழுத்துக்குப் பின்னால் மிகவும் வெளிறியுள்ள பிக்சலை எடுத்துத்தான் அளக்க வேண்டும். எழுத்து லேயரை மினுக்க லேயருக்கு அடியில் வைத்தால் கண்ணாடிக்குள் பதித்ததுபோல் அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நான் அதை மேலே வைத்து, ஒரு பிக்சல் அடர்நிழல் கொடுத்து, மினுக்கத்தின் உச்சியடர்த்தியை 40 விழுக்காட்டுக்கு இறக்கிவிடச் சொல்கிறேன்.

ஜூரோங் நிரலாளர் எழுதியது:

அக்காவின் கருத்தோடு உடன்படுகிறேன். ஐயாவின் முறையைப் பொறுத்தவரை, வளைந்த முனைகள், கிரேடியன்ட், உள்நிழல் ஆகிய அனைத்தையும் இப்போது இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் வரிகளிலேயே எழுதிவிடுகிறோம். சொல்லின் நீளத்துக்கேற்பப் பொத்தான் தானே விரிகிறது. அடியிலுள்ள நீள்வட்ட ஒளியையும் பொத்தானின் அகலத்தில் இத்தனை விழுக்காடு என்று குறிப்பிட்டுவிட்டால் நான்கு மொழிகளுக்கும் ஒரே வரி போதும். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 தட்டையான வடிவங்களுக்கு மாறிய பின் இப்படிப்பட்ட பொத்தான்களை யாரும் கேட்கவில்லை. 2025 ஜூனில் ஆப்பிள் ‘லிக்விட் கிளாஸ்’ வடிவமைப்பை அறிவித்ததும் மீண்டும் கேட்கிறார்கள்.

ஆனால் இது வேறு வகைக் கண்ணாடி. பழையது தன் நிறத்தையே காட்டியது. புதியது பின்னாலுள்ளதை வளைத்துக் காட்டுகிறது. பின்னணி நகரும்போது அதுவும் மாறுவதால், ஒரு படக் கோப்பாகச் சேமித்து வைக்க முடியாது. வாடிக்கையாளருக்கு மாதிரி காட்ட மட்டும் நான் ஃபோட்டோஷாப்பை நாடுகிறேன். பின்னணியைப் பிரதியெடுத்து, சற்றே மங்கலாக்கி, வடிவத்துக்கு வெளியே உள்ளதை மறைக்கும் கிளிப்பிங் மாஸ்க் மூலம் பொத்தானுக்குள் அடக்கி, விளிம்பை ஒட்டிய பகுதியை மட்டும் சிறிது பெரிதாக்கி நகர்த்தினால் ஒளி வளைந்ததுபோல் தோன்றும். அதன்மேல் ஒரு பிக்சல் வெள்ளைக் கோட்டை, மேலும் கீழும் அழுத்தமாகவும் பக்கங்களில் மெலிதாகவும் இட வேண்டும். பின்னணியாகக் கடைத்தெருப் படம் ஒன்றையும் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றையும் வைத்து இரு மாதிரிகளையும் அனுப்புங்கள். வெள்ளைப் பக்கத்தில் இந்தக் கண்ணாடி ஏறக்குறைய காணாமலே போய்விடுகிறது என்பதை வாடிக்கையாளர் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வார்.